ஒன்றரை டிகிரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் சகலையை எனக்குப் பிடிக்காது. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, தொந்தரவே அதுதான். ஏதாவது செய்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவனோ வாய் நிறைய 'அண்ணே' என்பான், நான் உட்காரும்வரை நிற்பான், கேட்காமலே என் பையை வாங்கிச் சுமப்பான். மனதுக்குள் நான் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் நல்லபிள்ளை. நேரில் கூப்பிடுவது 'தம்பி'.

அவனை என் மாமனார் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனவனும் நான்தான். எங்கள் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விடுதிச் சாப்பாட்டில் காய்ந்துபோய்க் கிடந்தான். பாவம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். எட்டே மாதத்தில் என் கொழுந்தியாளைக் கல்யாணம் செய்துகொண்டு எனக்குச் சரிசமமாக வந்து உட்கார்ந்துவிட்டான். சரிசமம் என்பது கூடத் தவறு.

மாமனார் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் காலமான பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவர் கையில். மீனை அவரே வறுப்பார், அவரே பரிமாறுவார், நடுத்துண்டு யாருக்கு என்பதையும் அவரே முடிவு செய்வார். சாப்பாட்டு மேஜையில் அவருக்கு வலப்பக்கம், ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி உண்டு. எட்டு வருடம் அது என் நாற்காலி. நல்லபிள்ளை மாப்பிள்ளையாக வந்த இரண்டாவது வாரம் மாமனார், "சின்னவரு இங்க உக்காரட்டும், அவரு பேச்சக் கேக்கணும்" என்றார். நான் மேஜையின் கோடிக்கு, குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் போனேன். அது உறுமத் தொடங்கினால் மறுகோடியில் பேசுவது ஒன்றும் கேட்காது.

அவன் பேச்சைக் கேட்க அவருக்கு ஆசை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. "என்ன வேல மாப்ளே பாக்குறீங்க?" என்று எட்டு வருடமாக என்னைக் கேட்டவர் அவர். கடலுக்கு அடியில் வெளிச்சம் பார்க்கிற வேலை என்று நான் சொல்லிவைத்தேன். அவர் அக்கம்பக்கத்தில் என்னை எலெக்ட்ரீஷியன் என்று சொல்லப்போய், இரண்டு வீட்டுக்காரர்கள் மின்விசிறி மாட்ட ஆளனுப்பினார்கள். நல்லபிள்ளை முதல் நாளே கையிலிருந்த தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு ஆரம்பித்தான்.

"மாமா, நீங்க பஸ் ஓட்டிட்டு இருக்கீங்க. ஒரு ஆளு பின்பக்கத் தகரத்த ஊடுருவி உள்ள வர்றான். டிக்கெட் எடுக்கல, யாரையும் இடிக்கல, அப்படியே முன்கண்ணாடி வழியா வெளிய போயிடறான். கண்ணாடி உடையல. அவன் வந்ததே உங்களுக்குத் தெரியாது. அதுதான் நியூட்ரினோ."

"அடடே. அப்ப அவன எப்படிப் பிடிக்கிறது?"

"கோடிக்கணக்குல போறாங்க மாமா. எப்பவாவது ஒருத்தன் கால் இடறி ஒரு சீட்டுல மோதிக்குவான். அதுக்காகத்தான் காத்துக் கிடக்கோம். மோதின உடனே, எந்தத் தெருவுல இருந்து வந்தான்னு கண்டுபிடிக்கணும். நட்சத்திரக் கூட்டத்துக்கு நடுவுல எங்கயோ கிளம்பி வந்தவனா இருப்பான்."

மாமனாருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, இப்படிச் சொன்னா புரியுதுல்ல!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் வயிறு அன்றைக்கு எரியத் தொடங்கியது.

அவன் சொன்னது பாதிக் கதை. மீதிப் பாதி நான். கரையிலிருந்து எண்பது கிலோமீட்டர் தள்ளி, மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் எங்கள் தொலைநோக்கி இருக்கிறது. தொலைநோக்கி என்றால் குழாயும் இல்லை, கண்ணாடி வில்லையும் இல்லை. கடல் தரையில் நங்கூரம் போட்டு, மேல் நுனியில் மிதவை கட்டி, நிமிர்ந்து நிற்கும் நூற்றுப் பதினைந்து கயிறுகள். ஒவ்வொன்றும் எழுநூறு மீட்டர். கயிறு நெடுகப் பூசணிக்காய் அளவில் கண்ணாடி உருண்டைகள், அவற்றுக்குள் வெளிச்சத்தை உணரும் கண்கள். நியூட்ரினோ ஒன்று அங்கே மோதினால் அந்தக் கும்மிருட்டில் நீல ஒளி ஒரு கணம் ஓடும். எந்தக் கண் எந்த நொடித்துளியில் பார்த்தது என்று கணக்குப் போட்டால், வானத்தின் எந்த இடத்திலிருந்து அது வந்தது என்று கோடு இழுக்கலாம். கோடு இழுப்பவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள். நல்லபிள்ளை அங்கேதான்.

ஆனால் கயிறு கடலுக்குள் சும்மா நிற்காது. அடிநீரோட்டம் வலுத்தால் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாயும். உருண்டை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கோடு இழுத்தால் அது வெறும் கிறுக்கல். தரையில் வைத்த ஒலிப்பான்கள் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும், உருண்டைகளில் இருக்கும் காதுகள் அதைக் கேட்கும், எவ்வளவு தாமதமாகக் கேட்டன என்பதிலிருந்து ஒவ்வொரு உருண்டையின் இடத்தையும் நான் கணக்கிட்டு, காலையும் மதியமும் அட்டவணை வெளியிடுவேன். பன்னிரண்டு வருடமாக இதுதான் வேலை. அலுவலகத்தில் என் பெயர் நங்கூரம். கீழ்த்தளத்தில் இருப்பதால் வைத்த பெயர் என்று சொல்வார்கள். என் உடம்பைப் பார்த்து வைத்த பெயர் என்பது எனக்குத் தெரியும்.

திரையில் 'முந்தையதே' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கடல் அமைதியாக இருக்கும் நாளில் புதிதாகக் கணக்குப் போடாமல் காலை அட்டவணையையே மதியத்துக்கும் அனுப்ப அதை அழுத்தலாம். அழுத்தும் முன், அடிநீரோட்டத்தின் வேகத்தை அளக்கும் நீரோட்டமானியின் வரைபடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை.

அந்தப் புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கூட்டம். எங்கள் தலைவி, எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அம்மாள், அடுத்த மாதம் நடக்கும் பெரிய மாநாட்டில் யார் பேசப்போகிறார்கள் என்று அறிவித்தார். கயிறுகளின் இடத்தை ஒரு சாண் துல்லியத்துக்குக் கண்டுபிடிக்கும் என் முறையைப் பற்றிப் பேச நான் எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு முறை நினைவுபடுத்தியும் இருந்தேன். அவர் நல்லபிள்ளையின் பெயரைச் சொன்னார். கைதட்டினார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "நங்கூரம், அந்தப் பொசிஷன் பத்தி ஒரே ஒரு ஸ்லைடு மட்டும் அவருக்குப் போட்டுக் குடுத்துடுங்க" என்றார்.

ஒரே ஒரு ஸ்லைடு. பன்னிரண்டு வருடம்.

"அண்ணே, ரெண்டு ஸ்லைடு வேணும்னாலும் போடலாம்ணே" என்று நல்லபிள்ளை என் காதில் சொன்னான். அவன் தாராள மனசு அப்படி. நான் கீழே வந்தேன். மணி இரண்டு ஆகியிருந்தது. வரைபடத்தைத் திறக்கவில்லை. 'முந்தையதே' பொத்தானை அழுத்திவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே பார்க்க அமைதியாகத்தான் இருந்தது.

இரண்டு நாற்பதுக்கு மாடியில் கூச்சல். எங்கள் கயிறுகள் இதுவரை பார்த்ததிலேயே மிகப் பெரிய நியூட்ரினோ வந்து மோதியிருந்தது. பூமியைத் துளைத்துக்கொண்டு அடியிலிருந்து சாய்வாக வந்து, அறுபது கயிறுகளில் நீலம் தெறிக்க ஓடியிருக்கிறது. திரையில் முதலில் பார்த்தது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? அப்போது ஷிப்டில் இருந்தது அவன்தான். இருபது நிமிடத்தில் அவன் கோடு இழுத்து, உலகத்தில் இருக்கிற பெரிய தொலைநோக்கிகளுக்கெல்லாம் அவசரச் செய்தி போய்விட்டது: வானத்தில் இந்த இடத்தைப் பாருங்கள், எதுவோ வெடிக்கிறது அல்லது கனன்று எரிகிறது. நியூட்ரினோ தனியாக வந்தால் அது எங்கள் கடலுக்குள் நடந்த செய்தி மட்டும்தான். அதே இடத்தில் ஏதாவது ஒன்று பிரகாசித்துக்கொண்டிருந்தால், அது எங்கே பிறந்தது என்று தெரிந்துவிடும். இப்படிப்பட்ட பிரகாசம் சில நாளில் அடங்கிவிடும் என்பதால்தான் அவ்வளவு அவசரம்.

அன்று மாலையே மாமனாருக்குச் செய்தி போய்விட்டது. போனில் என் மனைவியிடம், "சின்னவரு பிடிச்சுட்டாராமே!" என்றாராம். ஏதோ பிக்பாக்கெட்டைத் துரத்திப் பிடித்த மாதிரி.

வியாழக்கிழமை ஏழு தொலைநோக்கிகள் பார்த்தன. ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை இன்னும் நாலு பார்த்தன. ஒன்றுமே இல்லை. மேல்மாடியில் பேச்சு குறைந்தது. "ஒருவேளை டைரக்ஷன் சரியில்லையோ?" என்று வெளியிலிருந்து ஒருவர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். நல்லபிள்ளை அதை மூன்று முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நான் காபி வாங்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். என் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. மாடிப்படி இறங்கும்போது என்னை அறியாமல் விசில் வந்தது.

சனிக்கிழமை காலை வாராந்திர அறிக்கை எழுத நீரோட்டமானியின் வரைபடத்தைத் திறந்தேன். புதன்கிழமை மதியம் பன்னிரண்டரைக்குக் கோடு எழும்பத் தொடங்கி, இரண்டு மணிக்கெல்லாம் உச்சத்தில் நின்றது. நொடிக்குப் பத்தொன்பது சென்டிமீட்டர். இரவு எட்டுக்குள் அடங்கி, மறுநாள் காலை பழையபடி. நான் வெளியே நின்று அமைதியான அலையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மூன்று கிலோமீட்டர் கீழே நூற்றுப் பதினைந்து கயிறுகளும் ஒன்றாகச் சாய்ந்து நின்றிருக்கின்றன. உச்சி உருண்டைகள் இருபது மீட்டர் தள்ளிப் போயிருந்தன. என் அட்டவணை அவை நேராக நிற்பதாகச் சொல்லியிருக்கிறது.

உட்கார்ந்து சரியான இடங்களைக் கணக்கிட்டேன். மேல்மாடிக்காரர்களின் கணினி நிரலை எடுத்து நானே கோடு இழுத்தேன். ஒன்றரை டிகிரி நகர்ந்தது. வானத்தில் மூன்று முழு நிலவை வரிசையாக வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு. புதிய கோடு போய் நின்ற இடத்தில் ஒரு விண்மீன் மண்டலம் இருந்தது. நடுவில் ராட்சசக் கருந்துளை, அதிலிருந்து பீறிடும் தாரை நேரே நம் பக்கம் பார்த்தபடி. அது வழக்கத்தைவிட வெளிச்சமாகிக்கொண்டு வருகிறது என்று ஒரு குழு இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லோருக்கும் குறிப்பு அனுப்பியிருந்தது.

பதினொரு தொலைநோக்கிகளும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பியிருக்கின்றன.

நான் வாயைத் திறந்தால் இரண்டு நடக்கும். நல்லபிள்ளை இந்தத் துறையில் எந்த வயதிலும் யாருக்கும் கிடைக்காத பெயரை வாங்கிக்கொண்டு போவான். நான், வரைபடத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினவன் என்ற பெயரை வாங்குவேன். வாயைத் திறக்காவிட்டால் அந்த மண்டலம் இன்னும் நாலைந்து நாளில் மங்கிவிடும், அவன் கண்டது அநாதையாக நிற்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. நான் கணினியை மூடினேன். அறிக்கையில் 'புதன்: இயல்பு' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் மீன். நல்லபிள்ளை ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் நடுத்துண்டை அவனுக்கு வைத்து, "விடுங்க மாப்ளே, அடுத்த வண்டி வராமயா போகும்" என்று தேற்றினார். தோற்றாலும் நடுத்துண்டு அவனுக்குத்தான். நான் வாலைக் கடித்துக்கொண்டு, குளிர்பெட்டியின் உறுமலுக்கு நடுவில், இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டதும் அவனும் நானும் பாத்திரம் கழுவினோம். அந்த வீட்டில் அது மாப்பிள்ளைகளின் வேலை. அவன் நுரை போடுவான், நான் அலசுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவன் என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"அண்ணே, புதன்கிழமை மத்தியானம் கீழ நீரோட்டம் அமைதியாத்தானே இருந்துச்சு?"

"அமைதிதான்" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களாண்ணே?"

"பாக்காம அனுப்புவேனா தம்பி?"

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த தட்டை நீட்டினான். அவ்வளவுதான். பன்னிரண்டு வருடத்தில் என் அட்டவணையைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது.

வீட்டுக்குத் திரும்பும்போது என் மனைவி, "என்னங்க, அவரு மூஞ்சி வாடினா உங்க மூஞ்சி மலருது. என் தங்கச்சி ரெண்டு நாளா சாப்பிடல. எனக்கு உங்களப் பாக்கவே நல்லா இல்ல" என்றாள்.

"நான் என்ன செஞ்சேன்?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்."

அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் பதினோரு வருடம் என்னோடு குப்பை கொட்டியவள்.

திங்கட்கிழமை கூட்டம் பத்து மணிக்கு. நான் எட்டுக்கே போய்விட்டேன். மனம் திருந்திப் போனேன் என்று நினைக்க வேண்டாம். சத்தம் போடாமல் புதன்கிழமை அட்டவணையைச் சரிசெய்து வைத்துவிடலாம், வருடக் கடைசியில் எல்லாத் தரவையும் மறுபடி ஓட்டும்போது தானாக வெளிவரட்டும், அப்போது யார் தவறு என்று யார் தேடப்போகிறார்கள் என்பதுதான் என் எண்ணம். வரைபடக் கோப்பைத் திறந்தேன். எங்கள் கணினி அமைப்பில் எந்தக் கோப்பை யார் எப்போது திறந்தார்கள் என்று ஓரத்தில் பதிவாகும். என் பெயர் சனிக்கிழமை காலை இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பெயர். சனிக்கிழமை மாலை ஆறு பத்து.

நல்லபிள்ளை.

அப்படியென்றால் பாத்திரம் கழுவும்போது அவனுக்குத் தெரியும். நான் பார்த்ததும் தெரியும், என் பெயர் அதிலேயே இருக்கிறதே. எல்லாம் தெரிந்துகொண்டு, அமைதியாகத்தானே இருந்தது என்று கேட்டு, என் பொய்யை வாங்கிக்கொண்டு, அடுத்த தட்டை நீட்டியிருக்கிறான்.

ஒன்பதே முக்காலுக்கு அவனே கீழே வந்தான். கையில் இரண்டு காபி. ஒன்றை என் முன்னால் வைத்தான். நான் அன்று அவனுக்கு வைத்த அதே மாதிரி.

"அண்ணே, ஒண்ணும் பேசாதீங்க. நான் யோசிச்சு வச்சுட்டேன். புதன்கிழமை சிஸ்டம் பழுதாகி, பழைய டேபிள் தானா போயிடுச்சுன்னு மேடம்கிட்ட சொல்லிடறேன். புது டைரக்ஷன் நான் போட்டுட்டேன். உங்க பேரு வராது. வீட்லயும் யாருக்கும் தெரிய வேணாம்."

"எதுக்கு?"

"என்னண்ணே எதுக்குன்னு கேக்கறீங்க? நீங்க இல்லேன்னா நான் அந்த வீட்டுக்குள்ளயே வந்திருக்க மாட்டேன்."

கண்ணில் கள்ளமே இல்லை. அப்போது எனக்கு வந்தது நன்றி என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. எனக்கு வந்தது ஆத்திரம். வேலையில் ஜெயித்தான், மாமனாரிடம் ஜெயித்தான், நாற்காலியை எடுத்துக்கொண்டான், இப்போது என்னைக் காப்பாற்றி அதிலும் ஜெயிக்கப் போகிறான். இனி ஆயுசுக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் மீன் தின்னும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார வேண்டும். அவன் ஒரு வார்த்தை சொல்லிக் காட்ட மாட்டான் என்பது இன்னும் மோசம்.

காபியைத் தொடாமல் மாடி ஏறினேன்.

கூட்டம் தொடங்கி மேடம் மூக்குக் கண்ணாடியைப் போடுவதற்குள், நல்லபிள்ளை தொண்டையைச் செருமுவதற்குள், நான் எழுந்து நின்றேன்.

"மேடம், புதன்கிழமை மத்தியானம் நான் நீரோட்டமானியப் பாக்காம 'முந்தையதே' அழுத்திட்டேன். கயிறு எல்லாம் சாஞ்சிருந்துச்சு. டைரக்ஷன் ஒண்ணரை டிகிரி தப்பு. சிஸ்டத்துல ஒரு பழுதும் இல்ல, தப்பு என் மேலதான். எனக்குச் சனிக்கிழமை காலையிலயே தெரியும். சொல்லல."

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நேத்து தம்பி என்கிட்ட நேராக் கேட்டாரு. அமைதியா இருந்துச்சுன்னு அவருகிட்டயே பொய் சொன்னேன்."

இதைச் சொல்லத் தேவையே இல்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் சொன்னேனா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பதில் வருகிறது.

மேடம் மெதுவாக அவன் பக்கம் திரும்பினார். "நேத்தே கேட்டீங்களா? உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சனிக்கிழமை சாயங்காலம் மேடம்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"ஒண்ணேமுக்கா நாள் அந்த இடத்த யாரும் பாக்காம விட்டிருக்கீங்க. யாரக் காப்பாத்த? உறவெல்லாம் வீட்டோட. இங்க டேட்டா." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க செஞ்சது பெரிய தப்பு. ஆனா நாப்பது பேருக்கு முன்னால எழுந்து நின்னு சொன்னீங்க பாருங்க, அத நான் எழுதி வைப்பேன்."

பின்வரிசையில் யாரோ ஒருவர் கைதட்டினார். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். நல்லபிள்ளையும் தட்டினான், கொஞ்சம் தாமதமாக.

பதினொரு மணிக்குப் புதிய திசை போனது. மறுநாள் காலைக்குள் மூன்று தொலைநோக்கிகள் எழுதின: அந்த மண்டலம் வழக்கத்தைவிட நாலு மடங்கு வெளிச்சத்தில் இருக்கிறது, ஆனால் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. உச்சத்தை யாரும் பார்க்கவில்லை. புதன்கிழமையே பார்த்திருந்தால் இதுதான் பிறப்பிடம் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். கட்டுரையின் தலைப்பில் இப்போது 'இருக்கலாம்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லில் பெரும்பங்கு என்னுடையது, சிறுபங்கு அவனுடையது. மாநாட்டில் அவன்தான் பேசுகிறான், ஆனால் அந்தச் சொல்லோடு பேசுகிறான்.

'முந்தையதே' பொத்தானை எடுத்துவிட்டார்கள். இனி ஒவ்வொரு அட்டவணைக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும், கீழ்த்தளத்திலிருந்து ஒன்று, மேல்மாடியிலிருந்து ஒன்று. மேல்மாடிக்கு மேடம் யாரைப் போட்டார் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. காலை எட்டு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் நாங்கள் ஒரே திரைமுன் தோளோடு தோள் இடிக்க நிற்கிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கதையை என் மனைவி மாமனாரிடம் சொல்லியிருந்தாள், அவளுக்குத் தெரிந்தவரை. நல்லபிள்ளை வழக்கம்போல ஜன்னல் நாற்காலியை இழுக்கப் போனான். மாமனார் கையில் மீன் தட்டோடு வந்து நாற்காலியின் முதுகில் கை வைத்தார்.

"சின்னவரே, இன்னிக்குப் பெரியவரு இங்க உக்காரட்டும்."

நான் எழுந்து போனேன். மாமனார் என் தட்டில் நடுத்துண்டை வைத்தார்.

"நான் ஒருதடவ ரிவர்ஸ்ல டிப்போ கேட்ட இடிச்சுட்டேன் மாப்ளே. யாரும் பாக்கல. நாலு நாள் மென்னு முழுங்கிட்டு இருந்தேன். அஞ்சாவது நாள் நானே போய்ச் சொன்னேன். மூணு மாசம் வண்டி தரல. ஆனா அன்னிக்குத்தான் சோறு எறங்குச்சு." என் தோளைத் தட்டினார். "எத்தன பேருக்கு வரும் அந்த தைரியம்?"

தைரியத்தில் சொல்லவில்லை மாமா, வயிற்றெரிச்சலில் சொன்னேன் என்று நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். முள்ளை எடுத்துவிட்டு மீனை வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்போது நிமிர்ந்து மேஜையின் கோடியைப் பார்த்தேன். குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. நல்லபிள்ளை வால்துண்டைப் பிட்டபடி எங்கள் பேச்சைக் கேட்கக் கழுத்தை நீட்டினான். கேட்கவில்லை. மாமனாரின் கை என் தோளிலேயே இருந்தது. அவன் அந்தக் கையைப் பார்த்தான், என் தட்டைப் பார்த்தான், பிறகு சிரித்தான். உதடு மட்டும் சிரித்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடமாகத் தினமும் காலையில் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்.

எழுந்து போய், வா தம்பி, நீயே உட்கார் என்று சொல்லியிருக்கலாம். அது ஒரு நிமிட வேலை. ஜன்னல் வழியாக மத்தியான வெயில் நேரே என் கண்ணில் அடித்தது. அந்த நாற்காலியில் இப்படி வெயில் அடிக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. கண் கூசியது. நான் நகரவில்லை.